புருஷன் மேல் வைத்த கால்

ஜனவரி 5, ஞாயிறு

வீட்டுக்காரருக்குக் கம்பெனியில் கொடுத்த டைரி இந்த வருஷமும் என்னிடமே வந்து சேர்ந்தது. அவருக்கு எதற்கு? பேனா பிடித்தால் கையெழுத்தோடு சரி.

விடிந்ததுமே வாசலில் ஆள். ஞாயிறு அல்லவா. போச்சம்பள்ளியிலிருந்து ஒரு டெம்போ டிரைவர், இடுப்பில் புடிப்பு, ஒரு பக்கமாகக் கோணிக்கொண்டு வந்தான். வாசற்படி ஓரமாகச் சாக்கை விரித்துக் குப்புறப் படுக்கச் சொன்னேன். வெறும் வயிறு, கிழக்கே தலை, என் இடது குதிகால், மூன்று மிதி. எழுந்தவன் நிமிர்ந்து நின்றான். "அக்கா, உங்க காலுக்குக் கோயில் கட்டணும்" என்றான். "மொதல்ல உன் வண்டி சீட்ட மாத்துடா" என்றேன்.

நான் தலைக்குப் பதிலாகக் கால் முதலில் வந்து பிறந்தவள். அப்படிப் பிறந்தவர்கள் மிதித்தால் புடிப்பு விட்டுப்போகும் என்று நாகரசம்பட்டி சுற்றுவட்டாரம் முழுக்க நம்பிக்கை. காசு வாங்கினால் பலிக்காது. டிரைவர் ஒரு பை பீர்க்கங்காய் வைத்துவிட்டுப் போனான். நாள் முழுக்கத் தையல் மிஷினில் உட்கார்ந்து ஜாக்கெட் தைக்கிறேன், "கழுத்து சரியில்ல" என்றுதான் சொல்வார்கள். இந்தக் காலுக்குக் கிடைக்கிற மரியாதையே தனி. இதை வெளியில் சொன்னால் திமிர் என்பார்கள், இங்கே எழுதலாம்.

ஜனவரி 9

அவர் இன்றும் தாமதம். கம்பெனி பஸ் மெயின் ரோட்டில் இறக்கிவிட்டால் வீடு நடக்கிற தூரம்தான். வழியில் சின்னப் பாலத்துக் கட்டையில் உட்கார்ந்து உட்கார்ந்து வருகிறாராம். தொடையிலிருந்து கெண்டைக்கால் வரை கனத்துப் போகிறதாம், உட்கார்ந்தால் சரியாகிவிடுகிறதாம்.

"பேக்கிங் செக்‌ஷன்ல நாள் பூரா ட்ராலி தள்ளுறீங்களே, அங்க நோவலையா?"

"தள்ளும்போது நல்லாத்தான் இருக்கு மாதேசு. கைய வீசி நடந்தாதான் நோவுது."

"அப்ப ட்ராலிய வீட்டுக்கே ஓட்டிக்கினு வாங்க."

சிரித்தார். எனக்கு எரிச்சல்தான். கம்பெனியில் இல்லாத நோவு வீட்டுக்கு வரும்போது மட்டும் எப்படி வரும்? வந்தால் ஒரு குடம் தண்ணீர் தூக்கச் சொல்வேனோ என்று பயமா?

ஜனவரி 19, ஞாயிறு

இன்று ஒன்று நடந்தது. எழுதலாமா வேண்டாமா என்று யோசித்துவிட்டு எழுதுகிறேன்.

வந்தவர்கள் எல்லாம் போன பிறகு அவர் அதே சாக்கில் வந்து படுத்துக்கொண்டார். "எனக்கும் வை" என்றார். நான் பதறிப்போனேன். புருஷன் மேல் யாராவது காலை வைப்பார்களா? பாவம் வேறு, ஊர் பார்த்தால் என்ன பேசும்? "ஊருக்கெல்லாம் வெக்கிற, ஊட்டுக்காரனுக்கு வெக்க மாட்டியா" என்று சின்னப்பிள்ளை மாதிரி கேட்டார்.

கதவைச் சாத்தினேன். ஜன்னலையும் சாத்தினேன். மூன்று முறை வைத்தேன், அவரைவிட எனக்குத்தான் வேர்த்தது. உடனே உட்கார்ந்து அவருடைய இரண்டு பாதத்தையும் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன். "ஏய் விடு விடு, கூசுது" என்று படுத்தபடியே இரண்டு காலையும் இழுத்துக்கொண்டார். கல்யாணமாகி முப்பது வருஷத்துக்குப் பக்கம் ஆகிறது, இன்னும் காலைத் தொட்டால் கூச்சம் இந்த மனுஷனுக்கு.

"எப்படி இருக்கு?"

"சொர்க்கம்."

ஜனவரி 21

பாலத்துக் கட்டையில் உட்காரவே இல்லையாம். நேராக நடந்து வந்தாராம். எனக்கு ஒரே பெருமை.

பிப்ரவரி 9, ஞாயிறு

இந்த ஆள் பஸ் முழுக்கச் சொல்லி வைத்திருக்கிறார். "என் பொண்டாட்டி கால் வெச்சா எழுந்து ஓடலாம்" என்று. இன்று வாசலில் கம்பெனி ஆட்கள் மட்டுமே வரிசையாக நின்றார்கள். ஒரிசாப் பையன் ஒருவன் பாஷை தெரியாமல் மல்லாந்து படுத்துவிட்டான். அவனைப் புரட்டிப் போடுவதற்குள் எல்லாருக்கும் சிரிப்பு.

எல்லாரும் போன பிறகு, கதவைச் சாத்திவிட்டு, அவருக்கும். இப்போது ஒவ்வொரு ஞாயிறும் வழக்கமாகிவிட்டது. அப்புறம் காலைத் தொடுவது, அவர் "விடு விடு" என்பது, அதுவும் வழக்கம்.

மார்ச் 2

சுவேதா ஓசூரிலிருந்து போன் செய்தாள். பொங்கலுக்கு வந்தபோதே அப்பா நடையைப் பார்த்தாளாம். "ஒரு ஸ்கேன் எடுத்துப் பாத்துடலாம்மா. எங்க கம்பெனில ஒரு அக்காவோட அப்பாவுக்கும் இப்படித்தான்" என்றாள்.

"உங்கப்பாவுக்கு நான் இருக்கேன்" என்றேன்.

"நீ என்னம்மா டாக்டரா?"

அதற்கு நான் கொஞ்சம் அதிகமாகவே பேசிவிட்டேன். கம்பெனியில் சேர்ந்ததும் எல்லாம் தெரிந்துவிட்டது உனக்கு என்று. போனை வைத்துவிட்டாள். அவரிடம் கேட்டேன், "நெஜமா சொல்லுங்க, தேவலையா இல்லையா?" "தேவலை, தேவலை" என்றார். பிறகு என்ன?

மார்ச் 13

இடது செருப்பைத் தொலைத்துவிட்டு வந்திருக்கிறார். எங்கே என்று கேட்டால் தெரியவில்லையாம். ஒற்றைச் செருப்போடு ரோட்டில் நடந்து வந்த மனுஷனை இப்போதுதான் பார்க்கிறேன். வயசாகிறது, நினைப்பு எங்கேயோ இருக்கிறது.

மார்ச் 23, ஞாயிறு

இன்று கொஞ்சம் அழுத்தி வைத்தேன். நேற்று பால் வாங்கி வரும்போதுகூட முன்பக்கம் குனிந்துகொண்டே நடந்தார், கிழவர் மாதிரி. நிமிர்ந்து நடங்க என்றால் நிமிர்ந்ததும் நின்றுவிடுகிறார். உள்ளே புடிப்பு பலமாக இருக்கிறது போல.

முடிந்ததும் காலைத் தொட்டேன். வலது காலை இழுத்துக்கொண்டார். இடது கால் சும்மா கிடந்தது. பரவாயில்லை, ஐயாவுக்குக் கூச்சம் பாதி போய்விட்டது, மரியாதை பழகிவிட்டது என்று நினைத்து எனக்குள் சிரித்துக்கொண்டேன்.

ஏப்ரல் 6

மறுபடி செருப்பு. மறுபடி இடது.

ஏப்ரல் 22

எழுதினால்தான் தீரும்.

முதல் ஷிப்ட் முடிந்து மதிய வெயிலில் வந்தார். தார் உருகுகிற வெயில். திரும்பவும் ஒற்றைச் செருப்பு. திட்டுவதற்கு வாயைத் திறந்தேன். அவர் உள்ளே வந்த இடத்தில் சிமெண்டுத் தரையில் ஈரம். உட்கார வைத்து இடது பாதத்தைத் திருப்பிப் பார்த்தால்... உள்ளங்கால் முழுக்கக் கொப்புளம். ஒன்று உடைந்து தோல் வழன்று கிடந்தது.

"ஐயோ, என்னங்க இது! சுடலையா?"

அவர் தன் காலையே எட்டிப் பார்த்தார். "இன்னாது?" என்றார்.

இன்னாது என்கிறார்! தார் ரோட்டில் வெறுங்காலோடு நடந்து வந்திருக்கிறார், சுட்டதே தெரியவில்லை அவருக்கு. நான் விரலால் கொப்புளத்தின் ஓரத்தைத் தொட்டேன். அவர் முகம் அப்படியே இருந்தது. எனக்கு அந்த ஞாயிற்றுக்கிழமை ஞாபகம் வந்தது. இழுத்துக்கொள்ளாத கால். நான் சிரித்துக்கொண்ட கால். அடிப்பாவி, மரியாதை பழகிடுச்சுன்னு எழுதி வெச்சிருக்கேனே இங்க.

சுவேதாவுக்குப் போன் செய்தேன். "நாளைக்கே லீவு போட்டு வர்றேன்" என்றாள். வேறு ஒன்றும் சொல்லவில்லை, அவள் ஏதாவது சொல்லியிருந்தால் தேவலையாக இருந்திருக்கும்.

ஏப்ரல் 25

கிருஷ்ணகிரியில் ஒரு முதுகுத்தண்டு டாக்டர். நேற்றே ஸ்கேன் எடுத்தாகிவிட்டது. நான், அவர், சுவேதா மூவரும் உள்ளே போனோம்.

டாக்டர் முதலில் கேட்டதே, "நடந்தா நோவுது, உக்காந்தா போயிடுது, எதையாவது புடிச்சு முன்னாடி குனிஞ்சா நல்லா இருக்குது. சரியா?" அவர் ட்ராலியைப் பற்றிச் சொன்னார். டாக்டர் தலையாட்டினார். முதுகெலும்புக்குள் நரம்பு இறங்குகிற வழி குறுகிவிட்டதாம். நிமிர்ந்தால் இன்னும் நெருக்கும், குனிந்தால் கொஞ்சம் விட்டுக்கொடுக்கும். அதனால்தான் கம்பெனியில் ட்ராலி தள்ளும்போது நோவு இல்லை. ஜனவரியில் இந்த மனுஷன் என்னிடம் சொன்னதும் இதேதான். வீட்டுக்கே ஓட்டிக்கினு வாங்க என்று கேலி பேசினேன்.

கண்ணை மூடச் சொல்லிப் பஞ்சால் பாதத்தைத் தொட்டார் டாக்டர். வலது. "ம்" என்றார் அவர். இடது. பேச்சில்லை. மறுபடி இடது. "ஆரம்பிச்சிட்டீங்களா சார்?" என்று கேட்டார். சுவேதா சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள்.

"இதுக்கு முன்னாடி வேற வைத்தியம் ஏதாவது?"

"இல்ல சார்" என்றார் அவர், அவசர அவசரமாக.

"நான் மிதிச்சேன் டாக்டர்" என்றேன். "ஞாயித்துக்கிழமைதோறும். குப்புறப் போட்டு."

டாக்டர் என்னைத் திட்டவில்லை. எலும்புக்குள் வழி குறுகியது வயதால் வருவது, நான் மிதித்ததால் அல்ல என்றார். ஆனால் குப்புறப் படுக்க வைத்து அதே இடத்தில் அழுத்தியது தப்பு. "இந்த மரமரப்பு ஆரம்பிச்சப்பவே வந்திருந்தீங்கன்னா..." என்றவர் பாதியில் நிறுத்திவிட்டு எழுத ஆரம்பித்தார். முழுதாகச் சொல்லியிருக்கலாம்.

காலில் பலம் இன்னும் இருக்கிறது, அதனால் இப்போதைக்குக் கத்தி வேண்டாம் என்றார். நரம்புக்கு மாத்திரை, உடற்பயிற்சி, தொப்பை குறைய வேண்டும், கனம் தூக்கக் கூடாது. மூன்று மாதம் பார்க்கலாம். பாதத்தைத் தூக்க முடியாமல் போனாலோ, சிறுநீர் அடைத்தாலோ, தெரியாமலே கசிந்தாலோ அந்த நிமிஷமே வர வேண்டும், அப்போது ஆபரேஷனுக்கு யோசிக்கவே கூடாது.

"மரத்த எடம் திரும்பி வருமா சார்?" என்று நான்தான் கேட்டேன்.

"சொல்ல முடியாதும்மா."

ஏப்ரல் 26

இன்று கேட்டே விட்டேன். "தேவலை தேவலைன்னீங்களே. ஏன் பொய் சொன்னீங்க?"

பாதத்தில் மருந்து போட்டுக்கொண்டிருந்தேன். அவர் கூரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "மொதல் தடவ நெஜமாவே நல்லா இருந்துச்சு மாதேசு. அப்புறம் இல்ல. நீ வெச்ச அன்னிக்கெல்லாம் கூடதான் நோவும்."

"சொல்லித் தொலைய வேண்டியதுதானே?"

"ஊரே உன்கிட்ட வருது. ஊட்டுக்காரனுக்கே கேக்கலைன்னா எவன் வருவான்? ஞாயித்துக்கிழமை ஆனா உன் மூஞ்சியே தனியா இருக்கும்."

எனக்குக் கோபமா அழுகையா தெரியவில்லை. என் மூஞ்சி நல்லா இருக்கணும்னு உன் காலைக் குடுத்தியா? கேட்கவில்லை. அடுப்பில் பால் பொங்கிவிட்டது, எழுந்து போனேன்.

ஏப்ரல் 27, ஞாயிறு

ஆட்கள் வந்தார்கள். கதவைத் திறக்கவில்லை.

மே 6

கிருஷ்ணகிரியில் உடற்பயிற்சி சொல்லிக்கொடுக்கும் பெண் பெயர் ரேவதி. சுவேதா வயதுதான் இருக்கும், ஆனால் அதட்டல் பலம். மல்லாந்து படுத்து ஒரு முழங்காலை வயிற்றோடு கட்டிப் பிடிப்பது, அப்புறம் அடுத்தது, அப்புறம் இரண்டும். வயிற்றை இறுக்கி இடுப்பைத் தரையோடு அழுத்துவது. ஒருக்களித்துத்தான் தூங்க வேண்டும், முழங்கால்களுக்கு நடுவில் ஒரு தலையணை. "குப்புற மட்டும் படுக்கவே கூடாது அங்கிள்" என்றாள். நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இடுப்புப் பெல்ட்டை நாள் முழுக்கக் கட்டக் கூடாதாம், பஸ்ஸில் வரும்போது மட்டும் போதுமாம். பாதத்தைத் தினமும் நான் பார்க்க வேண்டும், காயம் பட்டால் அவருக்குத் தெரியாது. பின்பக்கம் வார் வைத்த செருப்பு வாங்கச் சொன்னாள். வரும் வழியிலேயே வாங்கிவிட்டோம். எப்பேர்ப்பட்ட வைத்தியம் பார், ஒரு வார். இது மார்ச்சிலேயே இருந்திருந்தால் அந்தக் கொப்புளமாவது வந்திருக்காது.

மே 18

"நடக்கறதவிட சைக்கிள் நல்லது, குனிஞ்சு ஓட்டலாம்" என்று ரேவதி சொன்னாளாம். மாட்டுக்கொட்டாய்க்குப் பின்னால் சுவேதாவுக்குப் பள்ளிக்கூடத்தில் கொடுத்த சைக்கிள் துருப்பிடித்துக் கிடந்தது. செயின் மாற்றி, டியூப் மாற்றி, துடைத்து வைத்தேன். லேடீஸ் சைக்கிள், முன்னால் கூடை வேறு. அதில் ஏறி ஊர்க்கோடி வரை போய் வந்தார். ஒரு தடவைகூட இறங்கவில்லை!

டீக்கடையில் அவரைப் பேர் சொல்லிக் கூப்பிட்டுக் கேலி. "சென்றாயா, நடக்க முடியலன்ன, சைக்கிள்ல பறக்குற? வேலைக்கு டிமிக்கியா?" இவர் மணியடித்துவிட்டு வந்தார். நான்தான் போய் நாலு வார்த்தை கேட்டுவிட்டு வந்தேன். கேட்ட பிறகுதான் உறைத்தது, நானும் இதையேதான் கேட்டவள்.

இனி பஸ் நிறுத்தத்து டீக்கடையில் சைக்கிளை விட்டுவிட்டு, வரும்போது ஓட்டிக்கொண்டு வருவதாக ஏற்பாடு.

ஜூன் 8, ஞாயிறு

மாங்கூழ் கம்பெனிக்குப் போகிற லாரிகள் விடாமல் போகின்றன, வீடெல்லாம் மாம்பழ வாசம். அவருக்கு ஒரு துண்டுக்கு மேல் கிடையாது. ராத்திரிச் சோறும் நிறுத்தி ராகிக்களி உருண்டை ஒன்றுதான். "ஜெயில்ல கூட ரெண்டு தருவாங்க" என்கிறார். தொப்பை கொஞ்சம் இறங்கியிருக்கிறது. லீவு நாளில் பயிற்சிக்காகப் பாலத்துக் கட்டை வரை நடந்து, உட்கார்ந்து, மறுபடி நடந்து வருகிறார். நோவு வருவதற்கு முன்பே உட்கார வேண்டும், வந்த பிறகு அல்ல. இதுவும் ரேவதி சொன்னது.

விடியும்போதே எதிர்வீட்டுப் பூவம்மாள் அத்தை வந்து, நான் தடுப்பதற்குள் வாசற்படியில் படுத்துவிட்டார்.

"வெக்க மாட்டேன் அத்தை. எழுந்திருங்க. ஆஸ்பத்திரிக்குப் போலாம், நான் கூட வர்றேன்."

"ஏண்டி, இத்தன வருசம் வெச்ச காலு இப்ப மட்டும் இன்னா ஆச்சு? உன் புருசனுக்குப் பலிக்கலைன்னா எனக்கும் பலிக்காதா?"

"நடந்தா கால் மரத்துப் போவுதா அத்தை? உக்காந்தா சரியாவுதா?"

அவர் எழுந்து, சேலையை உதறிக்கொண்டு போனார். ராயக்கோட்டை பக்கம் கால் முதலில் பிறந்த ஒருவன் இருக்கிறானாம், அவனிடம் போகப்போகிறாராம்.

எத்தனை இடுப்பு மேல் கால் வைத்திருப்பேன். புடிப்பு தானாகவே விடுகிற ஆட்கள் எழுந்து நின்றார்கள், நான் என் காலைப் பார்த்துப் பூரித்தேன். திரும்பி வராதவர்களும் இருந்தார்கள். சரியாகிவிட்டது, அதனால் வரவில்லை என்று நானே முடிவு கட்டிக்கொண்டேன். ஒருத்தர் வீட்டுக்காவது போய்ப் பார்த்தேனா?

ஜூன் 24

நான்கு நாளாக மோசம். கம்பெனியில் ஆள் இல்லை என்று பெட்டி தூக்க வைத்திருக்கிறார்கள். இவரும் மாட்டேன் என்று சொல்லவில்லை. யாருக்கும் மாட்டேன் என்று சொல்லத் தெரியாத ஜென்மம். கட்டிலிலிருந்து எழுந்திருக்கும்போது பல்லைக் கடிக்கிறார். வெந்நீர்ப் பை, மாத்திரை. "மூத்திரம் ஒழுங்கா போவுதா?" என்று காலையும் மாலையும் கேட்கிறேன், அவருக்குக் கோபம் வருகிறது. வரட்டும்.

ஜூலை 1

டாக்டர் அவருக்கு முதுகில் ஒரு ஊசி போட்டார், எக்ஸ்ரே படம் பார்த்துக்கொண்டே சரியான இடத்தில். இது நிரந்தரம் இல்லை, வீக்கம் குறைந்து பயிற்சி செய்ய இடம் கொடுக்கும் என்றார். பெட்டி தூக்கக் கூடாது என்று எழுதியும் கொடுத்தார். அதை நானே போய் சூப்பர்வைசரிடம் கொடுத்துவிட்டு வந்தேன். "சொல்லியிருந்தா ட்ராலியிலயே விட்டிருப்பேனேம்மா" என்றார் அந்த ஆள். சொல்லியிருந்தால். எங்கள் வீட்டில் யாரும் எதையும் சொல்வதில்லை.

ஜூலை 6, ஞாயிறு

பலத்த சண்டை.

காலையில் நான் வாசலைக் கூட்டிவிட்டு அந்தச் சாக்கைப் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது. அவர் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். உள்ளே கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார். தரையில் குப்புறப் படுத்துக்கொண்டார்.

"ஊசி போட்டதுல நல்லாத்தான் இருக்கு. சும்மா லேசா ஒரே ஒரு தடவ வை மாதேசு. ஒண்ணும் ஆவாது."

எனக்காக. எனக்காகப் படுத்திருக்கிறார், பாவி மனுஷன்.

கத்திவிட்டேன். "எழுந்திரிய்யா! யாரு கேட்டா உன்ன? எனக்கு ஒண்ணும் ஊரு வேணாம், மரியாத வேணாம், எழுந்திரு மொதல்ல!" தெருவுக்கே கேட்டிருக்கும். அவர் மெதுவாக ஒருக்களித்து, ரேவதி சொல்லிக்கொடுத்த மாதிரியே கையை ஊன்றி எழுந்து உட்கார்ந்தார். "சரி, சரி, கத்தாத" என்றார். நான் சாக்கை எடுத்துப்போய் அடுப்பில் போட்டேன். ஒரே புகை. இரண்டு பேரும் இருமிக்கொண்டு வாசலுக்கு வந்து நின்றோம்.

ஜூலை 26

மூன்று மாதம் ஆனதும் டாக்டரிடம் போனோம். பாதத்தில் பலம் குறையவில்லை, ஆபரேஷன் இப்போது வேண்டியதில்லை, இப்படியே தொடரலாம் என்றார். சுவேதா போனில் "சூப்பர்ப்பா" என்றாள். டாக்டர் பஞ்சு வைத்தும் பார்த்தார். இடது உள்ளங்கால் அப்படியேதான். உணர்ச்சி வர ஒரு வருஷம்கூட ஆகலாம், வராமலும் போகலாம்.

ஆகஸ்ட் 3, ஆடிப்பெருக்கு

தென்பெண்ணைக் கரைக்குப் போனோம். அவர் சைக்கிளில், நான் பக்கத்திலேயே நடந்து. என் வேகத்துக்கு மெதுவாக ஓட்டினார், கூடையில் தேங்காய் பழமெல்லாம். கரைச் சரிவில் இறங்கும்போது மட்டும் நோவு வந்தது. சைக்கிளைப் பிடித்துக் குனிந்து கொஞ்ச நேரம் நின்றார், பிறகு இறங்கினார். கரையில் பூவம்மாள் அத்தை முகத்தைத் திருப்பிக்கொண்டார். அத்தையின் நடை எனக்குச் சரியாகப் படவில்லை. நாளைக்கு மறுபடி போய் ஆஸ்பத்திரிக்குக் கூப்பிட வேண்டும்.

தாலிக்கயிறு மாற்றிக்கொண்டு, செருப்பைக் கழற்றிவிட்டு உட்கார்ந்திருந்த அவர் காலில் விழுந்தேன். ஜனவரிக்குப் பிறகு எத்தனையோ முறை தொட்ட கால்தான். மிதித்துவிட்டு மன்னிப்புக் கேட்பதற்காக இல்லாமல் தொட்டுக் கும்பிடுவது இந்த வருஷத்தில் இன்றுதான்.

வலது காலைச் சட்டென்று இழுத்துக்கொண்டார். இடது கால் என் கையிலேயே இருந்தது. கட்டைவிரலால் உள்ளங்காலை மெல்ல அழுத்திப் பார்த்தேன். அசையவில்லை.

நான் பார்ப்பதை அவர் பார்த்துவிட்டார். உடனே இடது காலையும் இழுத்துக்கொண்டு, "ஏய் விடு விடு, கூசுது" என்றார். முகமெல்லாம் சிரிப்பு.

"கூசுதா?"

"ஆமா, பின்ன?"

"அப்ப சரி" என்றேன். நானும் சிரித்தேன். கீழே உட்கார்ந்து அவருடைய இடது செருப்பை மாட்டிவிட்டு, பின்வாரை இழுத்துப் பூட்டினேன். இறுக்கமாக இருக்கிறதா என்று அவரைக் கேட்கவில்லை, விரலை உள்ளே விட்டு நானே பார்த்துக்கொண்டேன்.